படுக்கை ரயிலில் இயற்கை காணும் நெடும்பயணம்: திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு ரயிலில் ஏறுபவர்களில் இரு வகையினர் உண்டு. விடுதிச் செலவையும் ஒரு பகல் பொழுதையும் மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டே போய்ச் சேர நினைப்பவர்கள் ஒரு வகை. வழியில் வரும் மலைகளையும் ஆறுகளையும் பாலைவெளிகளையும் பார்ப்பதற்கென்றே ஏறுபவர்கள் மற்றொரு வகை. இந்த வழிகாட்டி இரண்டாம் வகையினருக்கானது. இவர்களில் பெரும்பாலோர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் திட்டமிடத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடமோ கால அட்டவணை. ரயில் எந்த வழியாகப் போகிறது என்பதைவிட, எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. எவ்வளவு புகழ்பெற்ற பள்ளத்தாக்காக இருந்தாலும், அதிகாலை மூன்று மணிக்குக் கடந்தால் ஜன்னலில் தெரிவது நம் முகம் மட்டுமே.

படி 1: எத்தனை இரவுகள் என்று முடிவு செய்தல்

படுக்கை வசதியுள்ள ரயில்களை, அவை எடுத்துக்கொள்ளும் இரவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒரே இரவில் முடியும் பயணங்களில் புறப்பட்ட மாலையும் சேரும் காலையும் மட்டுமே பார்வைக்குக் கிடைக்கும். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் செல்லும் கலிடோனியன் ஸ்லீப்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இரவு ஒன்பது மணிக்குப் பிறகு புறப்படும் அந்த ரயில், மறுநாள் காலை ரானக் மூர் என்ற ஆளரவமற்ற சதுப்பு வெளியைக் கடந்து, பத்து மணியளவில் சென்று சேர்கிறது. ஜப்பானின் டோக்கியோவிலிருந்து புறப்படும் சன்ரைஸ் செத்தோவில், காலையில் செத்தோ உள்நாட்டுக் கடலின் மீதுள்ள பெரும் பாலத்தைக் கடக்கும் சில நிமிடங்களே பயணத்தின் உச்சம்.

இரண்டு இரவுப் பயணங்களில் நடுவே ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள எமரிவில் வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் ஓடும் கலிபோர்னியா செஃபிர் இந்த வகையைச் சேர்ந்தது. அதற்கும் மேலே, டொராண்டோவிலிருந்து வான்கூவர் வரை 4,466 கிலோமீட்டரை நான்கு இரவுகளில் கடக்கும் கனடியன், மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரை 9,289 கிலோமீட்டர் நீளும் டிரான்ஸ் சைபீரியப் பாதை போன்றவை உள்ளன.

முதன்முறையாகச் செல்பவர்களுக்கு என் பரிந்துரை இரண்டு இரவுகள். முதல் இரவு, ஆடும் படுக்கைக்கும் புதிய ஓசைகளுக்கும் உடல் பழகுவதிலேயே கழிந்துவிடும். இரண்டாம் இரவில்தான் பலருக்கு உண்மையான தூக்கம் வருகிறது. ஒரே இரவோடு இறங்கிவிடுபவர்கள், ‘ரயிலில் தூங்கவே முடியாது’ என்ற முடிவுக்கு அவசரமாக வந்துவிடுகிறார்கள். நான்கு இரவுகள் என்பதோ, ஒரே மாதிரியான காட்சியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் மனநிலை உள்ளவர்களுக்கே பொருந்தும்.

சில பாதைகளில் படுக்கை ரயில் இருந்தும் அதைத் தவிர்ப்பதே நல்லது. நார்வேயில் ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே இரவு ரயில் உண்டு. ஆனால் 1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்ஸே நிலையத்தைத் தாண்டிச் செல்லும் அந்த மலைப்பாதையைப் பகல் ரயிலிலேயே சுமார் ஏழு மணி நேரத்தில் முழுமையாகப் பார்த்துவிட முடியும் என்பதால், அங்கே படுக்கைக்குச் செலவிடுவதில் பொருளில்லை.

படி 2: வெளிச்சக் கணக்குப் போடுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும். ஒரு தாளில் ரயில் நிற்கும் நிலையங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரே ரயில் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பயண நாளில் அந்தந்த ஊரின் சூரிய உதயமும் மறைவும் எப்போது என்பதை அடுத்த வரிசையில் எழுதுங்கள். இணையத்தில் எந்த ஊருக்கும் எந்தத் தேதிக்கும் இது கிடைக்கும். பின்னர், நீங்கள் பார்க்க விரும்பும் பகுதி எந்த இரு நிலையங்களுக்கு இடையே வருகிறது என்று கண்டு அதை அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்ட பகுதி உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில் விழுகிறதா என்பதே கேள்வி.

கலிபோர்னியா செஃபிரை இப்படிச் சோதித்தால் அது ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறது என்பது விளங்கும். பிற்பகல் இரண்டு மணியளவில் சிகாகோவை விட்டுப் புறப்படும் ரயில், அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களின் சமவெளிகளைப் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் கடந்துவிடுகிறது. மறுநாள் காலை டென்வரை அடைந்து, ராக்கி மலைகளில் ஏறி, கொலராடோ ஆற்றின் பள்ளத்தாக்குகளைப் பகல் முழுவதும் தொடர்கிறது. நெவாடா பாலைவனத்தின் பெரும்பகுதியை இரண்டாம் இரவில் கடந்து, மூன்றாம் நாள் காலை ரீனோவுக்கு வந்து, சியரா நெவாடா மலைகளைப் பகலில் காட்டுகிறது. எதிர்த்திசை ரயிலிலும் இரு மலைத்தொடர்களும் பகலிலேயே வருகின்றன.

எல்லா ரயில்களுக்கும் இந்தப் பேறு இல்லை. சிகாகோவிலிருந்து சியாட்டிலுக்கும் போர்ட்லண்டுக்கும் செல்லும் எம்பயர் பில்டர், மேற்கு நோக்கிப் போகும்போது கிளேசியர் தேசியப் பூங்காவின் ஓரத்தை மாலை நேரத்தில் கடக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் குறையொன்றுமில்லை. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் பூங்கா முழுவதும் இருளில் போய்விடும். கிழக்கு நோக்கி வரும் ரயிலோ அதே பகுதியைக் காலையில் கடக்கிறது. பாதையும் கட்டணமும் ஒன்றாகவே இருக்க, திசையை மாற்றினாலேயே பயணம் வேறாகிவிடுகிறது.

தாமதத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நெடுந்தூர ரயில் இரண்டு மூன்று மணி நேரம் தாமதமாவது பல நாடுகளில் வாடிக்கை. மாலையில் வர வேண்டிய காட்சி, தாமதத்தால் இருளுக்குள் போய்விடும். விடியலுக்குச் சற்று முன் வர வேண்டிய காட்சியோ தாமதத்தால் வெளிச்சத்துக்குள் வந்து சேரும். ஆகவே ஒரே பகுதியைக் காலையில் காட்டும் ரயிலும் மாலையில் காட்டும் ரயிலும் இருந்தால், காலை ரயிலையே தேர்ந்தெடுங்கள். சியாட்டிலுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஓடும் கோஸ்ட் ஸ்டார்லைட்டில் பசிபிக் கடலோரப் பகுதி தெற்கு நோக்கிப் போகும்போது பிற்பகலிலும் மாலையிலும் வருகிறது; வடக்கு நோக்கிப் போகும் ரயில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காலையில் புறப்படுவதால் அதே கடலோரம் நடுப்பகலில் கிடைக்கிறது. குளிர்காலத்தில் வடக்கு நோக்கிய பயணமே பத்திரமானது.

நேர மண்டலங்களையும் கவனியுங்கள். அட்டவணைகள் பொதுவாக அந்தந்த ஊரின் நேரத்தைக் காட்டும் என்பதால், வெறுமனே கழித்துப் பார்த்தால் பயண நேரம் தவறாக வரும். இடைவழி நிலையத்தில் ஏறுபவர்கள் தேதியில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்: நள்ளிரவு 12.20க்கு வரும் ரயிலுக்கு முந்தைய நாள் இரவே நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதை மறந்து, ஒரு நாள் தவறி முன்பதிவு செய்பவர்கள் ஏராளம்.

படி 3: பருவத்தைத் தேர்தல்

கோடையில் பகல் நீளம். ஆனால் கட்டணமும் கூட்டமும் அதிகம், பாதையோர மரங்கள் இலை அடர்ந்து ஆற்றை மறைக்கும். இலையுதிர்ந்த பிறகு அதே ஜன்னலில் ஆறு தெளிவாகத் தெரியும், பகலோ சுருங்கியிருக்கும். வட துருவ வட்டத்தைத் தாண்டும் பாதைகளில் இந்த வேறுபாடு உச்சத்துக்குப் போகிறது: ஸ்டாக்ஹோமிலிருந்து நார்விக் செல்லும் இரவு ரயிலில், ஜூன் மாதம் பயணத்தின் வடபகுதியில் சூரியன் மறைவதே இல்லை, டிசம்பர் இறுதியில் உதிப்பதே இல்லை. பனியும் வெளிச்சமும் சேர்ந்து வேண்டுமென்றால் மார்ச் மாதம் நல்ல சமரசம்.

படி 4: அறையைத் தேர்தல்

படுக்கை வசதி என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. ஐரோப்பாவில் பொதுவாக மூன்று நிலைகள் உண்டு: சாய்விருக்கை, நான்கு அல்லது ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும், தலையணையும் போர்வையும் மட்டும் உள்ள எளிய படுக்கை அறை, ஒருவர் முதல் மூவர் வரை தங்கும், கை கழுவும் தொட்டியோடு கூடிய படுக்கை அறை. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் 2023 டிசம்பரில் அறிமுகப்படுத்திய புதிய பெட்டிகளில், தனியாகச் செல்பவர்களுக்கான சிறு கூண்டறைகளும் சேர்ந்துள்ளன. தூங்குவதற்கு அவை போதும்; பகல் முழுவதும் உட்கார்ந்து வெளியே பார்க்க அவை ஏற்றவை அல்ல.

இயற்கை காணச் செல்பவர்கள் அறையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பகலில் அது எப்படி இருக்கும் என்பதுதான். அமெரிக்காவின் இரண்டடுக்கு ரயில்களில் ரூமெட் எனப்படும் சிற்றறை, ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்டது. பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள், பக்கத்தில் ஒரு பெரிய ஜன்னல். இரவானதும் பணியாளர் வந்து இரண்டு இருக்கைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுத்துத் தட்டையாக்க, அதுவே கீழ்ப் படுக்கையாகிறது. மேலே மடித்து வைக்கப்பட்டிருக்கும் மேல் படுக்கை கீழிறக்கப்படுகிறது. படுக்கை போட்ட பின் அறையில் நின்று உடை மாற்றும் இடம் ஒரு ஆளுக்கே நெருக்கடிதான். கழிப்பறையும் குளியலறையும் பொதுவானவை. அதைவிடப் பெரிய பெட்ரூம் வகையில் அறைக்குள்ளேயே கழிப்பறையும் ஷவரும் உண்டு. கட்டணம் பல சமயங்களில் இரட்டிப்பாகிவிடுகிறது.

தனியாகச் செல்பவருக்குச் சிற்றறை தாராளம். இருவர் செல்லும்போது, ஒருவர் மேல் படுக்கையில் ஏற முடியுமா, அங்கே ஜன்னல் உண்டா என்று முன்பே கேட்டறியுங்கள். மேற்சொன்ன இரண்டடுக்குப் பெட்டிகளின் சிற்றறைகளில் மேல் படுக்கைக்கு ஜன்னல் கிடையாது. படுத்தபடியே விண்மீன்களையும் விடியலையும் பார்க்க வேண்டும் என்பவருக்குக் கீழ்ப் படுக்கையே சரி. மூட்டு வலி உள்ளவர்களும் இரவில் அடிக்கடி எழுபவர்களும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஒரு கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பொதுக் காட்சிப் பெட்டி உள்ள ரயிலில் பெரிய அறைக்குச் செலவிடுவது பெரும்பாலும் வீண். கனடியன் ரயிலில் கண்ணாடிக் கூரை போட்ட குவிமாடப் பெட்டிகள் உள்ளன. அமெரிக்காவின் மேற்கத்திய ரயில்கள் பலவற்றில் கூரை விளிம்பு வரை கண்ணாடி போட்ட பெட்டி இணைக்கப்படுகிறது. பகலில் பெரும்பாலான நேரத்தை அங்கேதான் கழிப்பீர்கள். காட்சிப் பெட்டி இல்லாத ரயிலில் மட்டுமே அறையின் அளவுக்கும் ஜன்னலுக்கும் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

படி 5: பக்கமும் இடமும்

எந்தப் பக்க ஜன்னல் என்பதைப் பெரும்பாலும் வரைபடத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். தெற்கு நோக்கிப் போகும் கோஸ்ட் ஸ்டார்லைட்டில் மேற்கேயுள்ள கடல் வலப்பக்கம் இருக்கும். வடக்கே போகும்போது இடப்பக்கம். ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதைகளில் ரயில் பாலங்களைக் கடந்து கரை மாறிக்கொண்டே இருப்பதால், செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால்தான் தெளிவாகும். வட அரைக்கோளத்தில் சூரியன் பெரும்பாலும் தெற்கே இருப்பதால், தெற்குப் பக்க ஜன்னலில் கண் கூசும், கண்ணாடியில் அழுக்கு பளிச்சென்று தெரியும். புகைப்படம் எடுப்பவர்களுக்கு வடக்குப் பக்கம் வசதி. பெட்டி எந்த முகமாக இணைக்கப்படும் என்பதற்கு எல்லா ரயில்களிலும் உறுதி கிடையாது என்பதால், பக்கத்துக்காக மட்டும் அதிகப் பணம் கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை.

தூக்கத்துக்கு அறையின் இடம் முக்கியம். சக்கரத் தொகுதிகள் பெட்டியின் இரு முனைகளுக்கு அருகில் இருப்பதால், அதிர்வும் ஓசையும் அங்கேதான் அதிகம். கதவுகள் திறந்து மூடும் சத்தமும் அங்கேயே. அறை எண்ணைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பெட்டியின் நடுவிலுள்ள அறையைக் கேளுங்கள். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஒவ்வொரு சாலைக் கடவைக்கும் ஊதும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

படி 6: முன்பதிவு

முன்பதிவு எப்போது திறக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் சுமார் பதினொரு மாதங்களுக்கு முன்பே வாங்கலாம்; ஜப்பானில் சன்ரைஸ் ரயில்களுக்குப் பயணத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்கே விற்பனை தொடங்குகிறது, விடுமுறை நாட்களின் தனியறைகள் மிக விரைவில் தீர்ந்துவிடுகின்றன. படுக்கைகள் தீரத் தீரக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை பல நாடுகளில் உள்ளது. தேதியில் நெகிழ்வு இருந்தால், வாரத்தின் நடுநாட்களையும் பருவத்தின் விளிம்பு மாதங்களையும் பாருங்கள்.

கட்டணத்தை ஒப்பிடும்போது நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: கட்டணம் அறைக்கா, ஆளுக்கா? உணவு அதில் அடக்கமா? தனியாகச் செல்பவர் அறை முழுவதற்கும் கட்ட வேண்டுமா? ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான்: யூரெயில், ஜப்பான் ரயில் பாஸ் போன்றவை இருந்தாலும் படுக்கை அறைக்குத் தனியே பணம் கட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை 2,979 கிலோமீட்டர் செல்லும் தி கான், சிட்னியிலிருந்து பெர்த் செல்லும் இந்தியன் பசிபிக் ஆகியவை உணவு, பானம், இடையிறங்கிப் பார்க்கும் சுற்றுலா எல்லாவற்றையும் கட்டணத்தில் அடக்கியவை. அவற்றைச் சாதாரண ரயில் கட்டணத்தோடு ஒப்பிடுவது முறையாகாது. காட்சி என்றால் மலை மட்டுமே என்று நினைப்பவர்கள், இந்தியன் பசிபிக் நல்லார்பர் சமவெளியில் 478 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடுவதை ஒரு முறை பார்க்க வேண்டும்.

எல்லை தாண்டும் பயணமானால் விசாவையும் அனுமதிகளையும் டிக்கெட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். திபெத்தின் லாசாவுக்குச் செல்லும் ரயிலில் ஏற வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி தேவை. அந்தப் பாதை 5,072 மீட்டர் உயரமுள்ள தங்குலா கணவாயைக் கடப்பதால், பெட்டிகளில் ஆக்சிஜன் வசதி இருந்தாலும் இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே திட்டமிட வேண்டும்.

படி 7: தாமதத்துக்கு இடம் விடுதல்

வட அமெரிக்காவில் நெடுந்தூரப் பயணிகள் ரயில்கள் ஓடும் தண்டவாளங்களில் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமானது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரே வரும் சரக்கு ரயில், விலகி நிற்கும் கிளைப் பாதையைவிட நீளமாக இருந்தால், பயணிகள் ரயில்தான் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். கனடியன் ரயில் பல மணி நேரம் தாமதமாகச் சேர்வது அரிதன்று. ஆகவே ரயில் சேரும் நாளிலேயே விமானமோ கப்பலோ பதிவு செய்யாதீர்கள். சேரும் ஊரில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள். புறப்படும் ஊருக்கும் முந்தைய நாளே போய்விடுவது நல்லது, ஏனெனில் நீங்கள் தவறவிட்டால் அடுத்த ரயில் மூன்று நாள் கழித்தும் வரலாம்.

இரண்டு ரயில்கள் மாற வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் வாங்குங்கள். தனித்தனியே வாங்கினால், முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவதை இழக்கும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, சேரும் இடத்தில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதமும் இழப்பீடாகக் கேட்கலாம். கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு விலக்கு உண்டு.

படி 8: எடுத்துச் செல்ல வேண்டியவை

பெரிய சூட்கேஸைச் சிற்றறைக்குள் வைக்கவே முடியாது என்று எண்ணிக்கொண்டு அடுக்குங்கள். இரவுக்குத் தேவையானவற்றை ஒரு சிறு பையில் தனியே வைத்து, பெரியதைப் பெட்டியின் பொது அடுக்கிலோ சரக்குப் பெட்டியிலோ விட்டுவிடலாம். காதடைப்பான், கண்மூடி, எளிதில் மாட்டிக் கழற்றும் காலணி, குளிரூட்டம் அதிகமானால் போர்த்திக்கொள்ள ஒரு மேலாடை, அறையில் ஒரே மின்செருகி இருக்கக்கூடும் என்பதால் பல முனைகள் கொண்ட சார்ஜர், அன்றாட மருந்துகள் ஆகியவை கட்டாயம். மலைகளிலும் பாலைவனத்திலும் கைப்பேசி சிக்னல் மணிக்கணக்கில் இராது. வரைபடத்தையும் நீங்கள் எழுதிய வெளிச்சக் கணக்கையும் முன்பே தரவிறக்கியோ தாளாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: ரயிலில் ஏறிய பிறகு

ஏறியவுடன் பெட்டிப் பணியாளரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: உணவுக்கு முறை வைத்து நேரம் ஒதுக்குகிறார்களா, படுக்கையை எப்போது போடுவார்கள், எவ்வளவு தாமதத்தில் ஓடுகிறது. உணவு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அடிக்கோடிட்ட பகுதி வரும் வேளையில் சாப்பாட்டு மேசையில் எதிர்ப்பக்க ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க நேரக் கூடாது. காட்சிப் பெட்டியில் நல்ல இடம் வேண்டுமானால் மலைப்பகுதி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். பையை வைத்து இடம் பிடித்துவிட்டு மணிக்கணக்கில் காணாமல் போவது எந்த ஊரிலும் மதிக்கப்படுவதில்லை.

டென்வருக்கு மேற்கே, 1928இல் திறக்கப்பட்ட, சுமார் பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மோஃபட் சுரங்கப்பாதைக்குள் நுழையும் முன், பெட்டி விட்டுப் பெட்டி போக வேண்டாம் என்று அறிவிப்பார்கள். இடைக்கதவு திறந்தால் டீசல் புகை உள்ளே வந்துவிடும் என்பதே காரணம். மறுபுறம் வெளியே வரும்போது கண்டத்தின் நீர்ப்பிரிப்பைத் தாண்டியிருப்பீர்கள். அதற்குப் பிறகு ஓடும் நீரெல்லாம் பசிபிக் பக்கம் சேருவது. இத்தகைய இடங்களை முன்பே குறித்து வைத்திருந்தால் கேமராவோடு தயாராக இருக்கலாம்.

கண்ணாடி வழியே படம் எடுக்க, அறையின் விளக்குகளை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு மிக நெருக்கமாகப் பிடியுங்கள். அதிர்வு கைக்கு ஏறாமலிருக்கக் கண்ணாடியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அடர்நிற உடை அணிந்திருந்தால் பிரதிபலிப்பு குறையும். அருகிலுள்ள மரங்கள் மங்கலாகப் பாய்வதைத் தவிர்க்க வேகமான ஷட்டர் வேண்டும். தொலைவிலுள்ள மலைக்கு அவ்வளவு தேவையில்லை. வளைவுகளில் எஞ்சினையும் சேர்த்துப் படம் பிடிக்கப் பின்பகுதிப் பெட்டிகளே ஏற்றவை.

குளியலைப் பகலின் நடுவில் வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சன்ரைஸ் ரயில்களில் ஷவருக்கான அட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, அட்டைக்கு ஆறு நிமிடத் தண்ணீர்தான். ஏறியதும் முதல் வேலையாக வாங்காவிட்டால் கிடைக்காது. விடியலில் வரும் காட்சிக்குப் பணியாளரை எழுப்பச் சொல்லலாம் என்றாலும், உங்கள் கைப்பேசி அலாரத்தை நம்புவதே மேல். தாமதத்தைக் கூட்டிப் புதிய நேரத்துக்கு அதை இரவே மாற்றி வைத்துவிட்டு, திரைச்சீலையை ஒரு சாண் திறந்துவைத்துப் படுங்கள். இறங்கும் காலையில் பணியாளர்கள் படுக்கை விரிப்புகளைக் கழற்ற முன்கூட்டியே வந்துவிடுவார்கள் என்பதால் பையை முந்தைய இரவே அடுக்கிவிடுவதும், விடுதி அறை பிற்பகலில்தான் திறக்கும் ஊர்களில் சாமான்களை வைத்துவிட்டுச் சுற்ற நிலையத்தில் பாதுகாப்பறை உண்டா என்று முன்பே பார்த்துவைப்பதும் அவசியம்.